உருட்டிவிட்ட முட்டை

குப்புறப் படுத்தாயிற்று. இனி அசையக் கூடாது. நெருப்புக்கோழி துரத்தினால் ஓடாதீர்கள், அதோடு ஓடி யாரும் ஜெயித்ததில்லை, தரையோடு தரையாகப் படுத்துவிடுங்கள், அது காலை முன்னால் தூக்கி மேலிருந்து கீழே அடிக்கிற பிராணி, நிற்கிறவன் வயிற்றைக் கிழித்துவிடும், படுத்திருக்கிறவனை மிதிக்கத்தான் முடியும் என்று பண்ணையில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுப்பது கால்நடை டாக்டரான ஹெப்சிபாவின் வேலை. மிதிக்கத்தான் முடியும். எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னவள் இப்போது தேரிக்காட்டுச் செம்மணலில் ஒரு கன்னத்தைப் பதித்துக் கிடக்கிறாள், முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இரண்டே விரல் உள்ள ஒரு கால் நிற்கிறது, பெரிய விரலின் நகம் மணலுக்குள் பாதி புதைந்து மீதி கலப்பைக் கொழுமுனை மாதிரி மேலே தெரிகிறது. இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். ஒரு கைதான் பிடரியில் இருக்கிறது. இன்னொன்று அவளைக் கேட்காமலே வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. எடுத்து மேலே வை என்கிறாள், அது வர மறுக்கிறது. கோழியின் கழுத்தைத் தடுத்துத் தள்ளுகிற கவைக்கம்பைக் கையோடு கொண்டுவந்திருக்கலாம். முட்டையைத் தூக்க இரண்டு கையும் வேண்டுமே என்று வாசல் கதவோரமே சாத்தி வைத்துவிட்டு வந்தாள். பண்ணையாள் ஆதிலிங்கம் தீவனத்துக்குக் குதிரைமசால் அறுக்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார், அவர் வந்தபிறகு அடைப்புக்குள் இறங்கினால் என்ன குறைந்துபோயிருக்கும். அந்த ஆபீஸ் அறையில் உட்கார முடியவில்லை. காலையிலிருந்து எங்கேயுமே உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. சன்னல் வழியே பார்த்தபோது அந்த முட்டை கூட்டுக்கு வெளியே தனியாக வெயிலில் கிடந்தது, மூத்தாள் மறுபடியும் ஒன்றை உருட்டிவிட்டுவிட்டாள் என்று நினைத்தாள், நினைத்ததும் கால் நடக்க ஆரம்பித்துவிட்டது.

மூத்தாள், இளையாள் என்பதெல்லாம் ஆதிலிங்கம் வைத்த பேர். அடைப்பில் ஒரு சேவலும் இரண்டு பெட்டையும். சேவலுக்குப் பேர் பெரியவர். பெரியவர் இப்போது ஓர் அடி எடுத்து வைக்கிறார். மணல் நெரிபடுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்கிறது. பருவத்துக்கு வந்திருக்கிற சேவல், முன்காலெல்லாம் யாரோ மஞ்சணையைக் குழைத்துப் பூசினமாதிரி சிவந்து கிடக்கிறது, அலகும் அப்படியே. மற்ற நாளில் தவிட்டுச் சட்டியைக் காட்டினால் நாய்க்குட்டிபோலப் பின்னால் வருகிறவர், இந்த மாதங்களில் சொந்த நிழலையே ஆகாதவனாகப் பார்ப்பார். கழுத்தை ஊதிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுப்பார், முதல்தடவை கேட்டபோது பக்கத்து ஊர்க்காரர்கள் பண்ணையில் சிங்கம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். இப்போது அந்தச் சத்தம் வரவில்லை. சீறல்தான் வருகிறது. அலகு தலைக்குமேல் எங்கேயோ இறங்குகிறது, முடி சுண்டி இழுபடுகிறது, கிளிப்பைக் கழற்றிவிட்டது, அந்த வெள்ளிக் கல் வைத்த கிளிப், மினுங்குகிற எதையும் விடாது, விழுங்கிவிடும், கூழாங்கல்லோடு அதுவும் வயிற்றில் கிடந்து அரைபடும். அடுத்தது காதுக் கம்மல். காதை மணலோடு அழுத்திக்கொள்கிறாள். மூச்சு விடாதே. மூச்சு விடு, ஆனால் மெல்ல விடு. நகம் இடுப்பில் இறங்கினால். இடுப்பில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், எலும்பு எலும்பாகத் தெரியும், படித்திருக்கிறாள், அதுதான் கஷ்டம். ஆதிலிங்கத்துக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும், அதனால் அவருக்கு வருகிற பயத்தைவிட அவளுக்கு நாலு மடங்கு வருகிறது. குப்புறப் படுக்கலாமா. படுத்தால் நசுங்குமா. இத்தனை சின்னதாக இருக்கும்போது நசுங்காது, இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கும். பசுவுக்கும் ஆட்டுக்கும் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொள்கிறாள். இருந்தும் கை வெளியே வரவில்லை.

நாள் தள்ளி மூன்று வாரம், காலையில் குளியலறையில் அந்தப் பட்டையில் ஒரு கோடு வந்தது, அவள் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தாள், அப்புறம் இரண்டாவது கோடு வந்தது. அவள் புருஷன் ராஜசிங் அதற்குள் கிளம்பிப்போய்விட்டிருந்தான். காற்றாலைக் கோபுரத்தில் ஏறிவிட்டால் இறங்குகிறவரை போனை எடுக்க மாட்டான், சரி, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். சந்தோஷம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். வந்தது. வந்ததோடு கூடவே இன்னொன்றும் வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தவள் சின்ன அறை வாசலில் நின்றாள், ஜோவிதா பள்ளிக்கூட வேனுக்குப் போய்விட்டிருந்தாள், சீருடை மாற்றிய அவசரத்தில் கட்டிலெல்லாம் துணி, அவளுடைய மேசை சன்னலை ஒட்டி நிற்கிறது, அதன்மேல் கலர் பென்சில், உடைந்த ஸ்கேல், அவளைப் பெற்றவளான, செத்துப்போன மெர்சியின் போட்டோ. தொட்டிலை எங்கே போடுவது என்று ஹெப்சியின் கண் சுவரை அளந்தது. சன்னலோரம்தான் காற்று வரும். அந்த மேசையைத் தூக்கி வெளி ஹாலில் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் தொட்டிலுக்கு இடம் வந்துவிடும். இவ்வளவுதான். இவ்வளவும் ஒரு நொடி. மனசுக்குள் மேசையைத் தூக்கி வெளியே வைத்தே விட்டாள், வைத்தபிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. இரண்டாவது கோடு வந்து அரைமணி ஆகியிருக்குமா. அரைமணிக்குள் ஒரு பிள்ளையின் மேசை செருப்புப் பக்கம் போய்விட்டது. மேசைதானே. படிக்கிற பிள்ளை எங்கே உட்கார்ந்தாலும் படிக்கும். மேசை இல்லை. மேசைதான். அங்கிருந்து இங்கே வருகிறவரை, ஸ்கூட்டரில், உடைமரக் காட்டுப் பாதையில், அதையேதான் தூக்கி வைத்துக்கொண்டும் திருப்பி எடுத்துக்கொண்டும் வந்தாள்.

பெரியவர் நகர்ந்துவிட்டாரா. கால் தெரியவில்லை. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உருட்டுகிறாள், இந்தப் பக்கம் செம்மணல், எறும்பு, கொஞ்சம் தள்ளி அந்த முட்டை. கை நீட்டினால் எட்டிவிடும் போலக் கிடக்கிறது. தந்த நிறம், ஊசியால் குத்தினமாதிரி நுணுக்கமான துளைகள், அவள் பென்சிலால் எழுதிய ‘இ’ மேல்பக்கம் தெரிகிறது. முட்டை இட்ட அன்றே யார் இட்டது என்று பார்த்து ‘மூ’ என்றோ ‘இ’ என்றோ எழுதிவிடுவாள். ஒரே குழியில்தான் இரண்டு பெட்டையும் இடும். அடைகாப்பது மூத்தாள் மட்டும், பகலில் அவள், பொழுது சாய்ந்தால் சேவல். இளையாள் இட்டுவிட்டுப் போனால் போனதுதான். முட்டை பெருகிவிட்டால் மூத்தாள் எழுந்து நின்று கழுத்தை வளைத்துப் பார்ப்பாள், அலகின் அடிப்பக்கத்தால் ஒன்றைத் தள்ளுவாள், அது குழியின் விளிம்பைத் தாண்டி உருண்டு வெயிலுக்குப் போய்விடும். போன வருஷம் முழுக்க ஹெப்சி மறைவில் உட்கார்ந்து பார்த்தாள். வெளியே போன அத்தனையும் ‘இ’. ஒரு ‘மூ’கூடத் தப்பிப் போகவில்லை. எல்லாம் ஒரே நிறம், ஒரே உருண்டை, எதை வைத்துக் கண்டுபிடிக்கிறாள் என்று அன்றைக்கு எத்தனை ஆச்சரியம் அவளுக்கு, வீட்டுக்குப் போய் ராஜசிங்கிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். சோறு போட்டுக்கொண்டிருந்த கிரேஸ் மதினி கேட்டுக்கொண்டே இருந்தாள். ராஜசிங்கின் அக்காள், மெர்சி காய்ச்சலில் போனபிறகு ஜோவிதாவை ஒரு வருஷம் தன் வீட்டில் வைத்திருந்தவள், கல்யாணத்தன்றே வேதக்கோயில் வாசலில் நின்று யாரிடமோ, “இப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கும். தனக்குன்னு ஒண்ணு வரட்டும், அப்பத் தெரியும்” என்று சொன்னவள். காதில் விழட்டும் என்றே சொன்னாளோ என்னவோ. விழுந்தது. விழுந்து அங்கேயே கிடக்கிறது. தனக்குன்னு ஒண்ணு. அப்பத் தெரியும். தெரிந்துவிட்டது மதினி, இன்று காலையில் தெரிந்துவிட்டது.

என்ன குறை வைத்தாள் பிள்ளைக்கு. அடித்ததில்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மூன்று வருஷமாக, “ஜோவிதா, சாப்பிட வாறீங்களா”, “ஜோவிதா, ஹோம்வொர்க் முடிச்சிட்டீங்களா” என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்கிறமாதிரி ங்க போட்டுத்தான் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டு ஜாய்ஸ் தன் மகளை வாசலில் நின்று எட்டி மூதி, சவத்து மூதி என்று தெருவே கேட்கத் திட்டுவாள், அடுத்த நிமிஷம் அந்தப் பிள்ளை அவள் சேலைக்குள் போய் மூக்கைத் துடைக்கும். அதைப் பார்க்கிறபோது ஹெப்சிக்கு ஏதோ பண்ணும். திட்டினால் சித்தி என்பார்கள். சித்தி என்றுதான் பிள்ளையே கூப்பிடுகிறது. மதினி சொல்லிக்கொடுத்தது. அந்தச் சொல்லைத் தவறாக நடந்துகொண்டு மெய்யாக்கிவிடக் கூடாதென்றே மூன்று வருஷமும் ஜாக்கிரதையாக, கண்ணாடிப் பாத்திரம் துலக்குகிறமாதிரி, தொடாமல் தொட்டு. அதுவும் ஒரு தள்ளுதானோ. அலகால் தள்ளாமல் மரியாதையால் தள்ளுவது. இல்லை, அப்படி இல்லை, அவள் பிரியமாகத்தான் இருக்கிறாள், பிரியம் இல்லாமலா போன மாதம் அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டபோது இரண்டு ராத்திரி தூங்காமல். ஆனால் மதினி வந்ததும் எழுந்து இடம் கொடுத்துவிட்டாள். ஏன் கொடுத்தாள். என் பிள்ளை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஏன் வாய் வரவில்லை. சூடு. முதுகில் வெயில் சுடுகிறது. காலில் ஏதோ கனமாக அமர்கிறது, கெண்டைக்காலில், அவர்தான், ஒரு காலைத் தூக்கி அவள்மேல் வைத்திருக்கிறார், உட்காரப் போகிறாரா, உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது. ஆண்டவரே. கால் எடுபட்டது. அசையாதே, அசைந்தால் உயிர் இருக்கிறதென்று தெரிந்துவிடும். நெருப்புக்கோழி ஆபத்து வந்தால் மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளுமாமே என்று பார்வையாளர்கள் எல்லோரும் கேட்பார்கள், அதெல்லாம் கதை, கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்துக்கொள்ளும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மண்மேடு கிடக்கிறமாதிரி இருக்கும் என்று அவள் அலுக்காமல் சொல்வாள். மூத்தாள் இப்போது அப்படித்தான் கூட்டில் கிடக்கிறாள். இவளும் அப்படித்தான். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு மண்மேடு. மூத்தாளின் பெரிய கண், மூளையைவிடப் பெரிய கண், இமை ரோமத்தோடு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. என்ன பார்க்கிறாய். உனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. உன்னுடையது உள்ளே, அவளுடையது வெளியே, தள்ளினாய், உட்கார்ந்தாய், முடிந்தது. இங்கே நான் மூத்தாளா இளையாளா என்றே எனக்குத் தெரியவில்லை.

வேன் ஹாரன் அடித்தது.

ஹெப்சிக்கு முதலில் அது எந்த வேன் என்று புரியவில்லை. புரிந்ததும் மணல் வாய்க்குள் போனது. ராஜசிங் வர நேரமாகும் என்பதால் பள்ளிக்கூட வேன் பிள்ளையைச் சாயங்காலம் பண்ணை வாசலிலேயே இறக்கிவிடும், ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். அறையில் ஆளில்லை. பார்ப்பாள். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள், சொன்னதைக் கேட்கிற பிள்ளை. உட்காருவாளா. கால் சத்தம் வருகிறது, தண்ணீர் பாட்டில் பையில் இடிக்கிற டக்டக், நேராக இங்கேதான் வருகிறது. போய்விடு. வராதே. கத்தினால் பெரியவர் மிரண்டு இவள்மேல் இறங்குவார், கத்தாவிட்டால் அவள் வந்துவிடுவாள். ஆதிலிங்கம் எங்கே. ஆதிலிங்கத்தின் மொபெட் சத்தம் கேட்கிறதா. காற்றுதான்.

“சித்தி?”

வாய்க்குள் போன மணலைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

“சித்தி, கீழ விழுந்துட்டீங்களா?”

கண்ணை உருட்டிப் பார்த்தால் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் காலுறை, தூசி படிந்த கருப்பு ஷூ. பிள்ளையின் உயரத்துக்குப் பெரியவர் தெரியாமலா இருக்கும், தெரிகிறது, ஆனால் அவளுக்கு அவர் தவிடு தின்கிற பெரியவர், கையில் வைத்து ஊட்டியிருக்கிறாள். ஷூ கதவுப் பக்கம் நகர்ந்தது. கொண்டி அசைந்தது, துருப்பிடித்த இரும்பின் அந்தச் சின்னக் கீச்சு. பெரியவரின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு சிறகும் விரிந்தன, கருப்பும் வெள்ளையுமாக ஒரு பந்தல் எழுந்து நின்றமாதிரி, சிவந்த கால்கள் கதவை நோக்கி ஓர் அடி, இன்னோர் அடி.

எழுந்துவிட்டாள். எப்போது எழுந்தாள், வயிற்றுக்கடியில் கிடந்த கை எப்போது வெளியே வந்து மணலை அள்ளியது என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அள்ளிய மணலை அந்தக் கருப்பு முதுகின்மேல் வீசினாள். தொண்டையிலிருந்து வந்தது அவள் குரலாகவே இல்லை.

“எட்டி மூதி, கதவத் தொடாத! சவத்து மூதி, போட்டி அங்கிட்டு!”

பெரியவர் திரும்பினார். அவள் கதவுக்கு எதிர்ப்பக்கமாக ஓடினாள், ஓடி ஜெயிக்க முடியாதென்று தெரிந்தே ஓடினாள், ஐந்தாறு எட்டு போயிருப்பாள். பக்கவாட்டில் ஒரு தூண் வந்து இடித்தது போலத் தொடையில் விழுந்தது. மறுபடியும் மணல். வாய் நிறைய மணல். இந்தமுறை இரண்டு கையும் வயிற்றில், முழங்கால் மடங்கி, ஒரு பந்துபோலச் சுருண்டு. பெரியவர் மேலே நின்றார். பிறகு எங்கேயோ மொபெட் விழுகிற சத்தம், ஆதிலிங்கத்தின் “ஹேய், ஹேய்”, கவைக்கம்பு வந்து அந்த நீளக் கழுத்தைக் கவைக்குள் அடக்கித் தள்ளியது, தள்ளத் தள்ள அவர் சீறிக்கொண்டே பின்வாங்கினார்.

“எங்கம்மா பட்டுது? எந்திரிக்க முடியுதா?”

“தொடை. ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணாச்சி.”

“தொடைதானம்மா, பதறாதிய.”

“தொடைக்கு இல்ல.” கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நிற்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் முழுகாம இருக்கேன்.”

உலகத்தில் முதலில் கேட்டவர்கள் ஆதிலிங்கமும் ஜோவிதாவும் ஆனார்கள்.

திசையன்விளையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொடையைப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் கிழிந்திருக்கிறது, ஒரு மாதம் நொண்டுவீர்கள் என்றாள். பிறகு ஸ்கேனில் நெடுநேரம் தேடினாள். அவள் தேடுகிறவரை ஹெப்சி கூரையில் ஓடும் மின்விசிறியின் ஒரு இறக்கையை மட்டும் கண்ணால் பிடித்து அதையே சுற்றிக்கொண்டிருந்தாள். “துடிப்பு இருக்கு. இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப வாங்க, அதுக்குள்ள வலியோ கசிவோ இருந்தா உடனே வரணும்.” இப்போதைக்கு. அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பெஞ்சின் மறுமுனையில் ஜோவிதா, மடியில் புத்தகப்பை, அழுது உப்பிய முகம். ஆதிலிங்கம் ராஜசிங்குக்குப் போன் போட்டுவிட்டு, முட்டையை எடுத்துக் குஞ்சு பொரிக்கிற மெஷினில் வைக்க வேண்டும் என்று பண்ணைக்குப் போய்விட்டார். கீழே விழுந்துவிட்டாள் என்று மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தார்.

பிள்ளை சொன்னது, “என்னய மூதின்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“சவத்து மூதின்னும் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அப்பாகூட அப்படிச் சொன்னதில்ல.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஹெப்சிக்குத் தோன்றியது. வழக்கமான அந்த ங்க போட்ட வார்த்தையைத் தேடினாள், அகப்படவில்லை.

“உள்ள பாப்பா இருக்குல்லா,” என்றாள் ஜோவிதா, பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு. “படுத்திருந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான எல்லாருக்கும் சொல்லுவீங்க. பெறகு ஏன் எந்திரிச்சீங்க?”

“நீ கதவத் திறந்தியேட்டி.”

“நான் திறக்கல. கொண்டியில கைய வச்சேன், அவ்வளவுதான்.”

“கைய வச்சதுக்குத்தான் எந்திரிச்சேன்.”

பிள்ளை அதை யோசித்தது. அதற்குள் என்ன கண்டது என்று ஹெப்சிக்குத் தெரியவில்லை, தனக்கே இன்னும் எதுவும் தெளியவில்லை, நாளைக்கு அந்த மேசை மறுபடியும் தலைக்குள் நகராது என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது. ஜோவிதா பையைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் இந்தப் பக்கம் நகர்ந்து வந்தாள். தொடையில் இடித்தது. உயிர் போகிற வலி.

“எட்டி, அங்கன வலிக்கி. மெல்ல வா.”

“சரி, திட்டாதீங்க,” என்று முனகிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

வெளியே ராஜசிங்கின் பைக் வந்து நிற்கிற சத்தம். பிள்ளை எழுந்து ஓடியவள் பாதியில் நின்று திரும்பினாள்.

“அப்பாட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?”

“நீயே சொல்லு.”

“எதை மொதல்ல சொல்லணும்? பாப்பாவையா, மூதின்னு ஏசினதையா?”

“உனக்கு எது மொதல்ல வருதோ அதைச் சொல்லு.”

ஓடினாள். ஹெப்சி சுவரைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். படியில் பைக் சாவி குலுங்கியது, ராஜசிங் பதறிக்கொண்டு என்னம்மா, சித்திக்கு என்ன என்று கேட்டான். பிள்ளை மூச்சு வாங்கச் சொல்ல ஆரம்பித்தாள், மூதியில் தொடங்கிப் பாப்பாவுக்குத் தாவி, பாப்பாவை அந்தரத்தில் விட்டுவிட்டுப் பெரியவருக்குப் போய், எது முன்னே எது பின்னே என்றில்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவன்மேல் கொட்டிக்கொண்டே வந்தாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யாருக்குப் பாப்பா?” என்று மறுபடி மறுபடி கேட்டான்.

“நமக்குத்தான்,” என்றாள் ஜோவிதா எரிச்சலோடு. “நான் சொல்றதக் கேளுங்கப்பா, இன்னும் முடிக்கல.”